கணக்குத் தீரவில்லை

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் பழகினவர்களுக்கு, "கணக்குத் தீர்ந்தது" என்ற வார்த்தை எவ்வளவு நிம்மதியானது என்று தெரியும். ஏலம் முடிந்து, பெட்டிகளை எண்ணி, கமிஷனும் கூலியும் கழித்து, மிச்சப் பணம் கைக்கு வந்ததும் விவசாயி அதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம் யாருக்கும் யாரிடத்திலும் பேச்சில்லை. விலை அடிமட்டத்துக்குப் போன நாளில்கூட, கணக்குத் தீர்ந்ததே என்று வீடு போய்ச் சேரலாம்.

அதே வார்த்தையை மனிதர்கள் விஷயத்தில் உபயோகிக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயர் தேசம் முழுவதும் பத்திரிகைகளில் அடிபட்டது. பர்கூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அங்கே என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஐந்து நாள் முகாம் ஒன்று நடந்தது. 17 மாணவிகள் பள்ளி அரங்கத்திலேயே இரவு தங்கினார்கள். முகாம் நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர்களில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, அந்தப் பயிற்சியாளர் தன்னிடம் நடந்துகொண்ட கொடுமையைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, வெளியே மூச்சு விடாதே என்று அடக்கிவிட்டார்கள் என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு. உடம்புக்கு முடியாமல் போன பிறகே வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. பர்கூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் பதிவாயிற்று.

பயிற்சியாளர், பள்ளி முதல்வர், தாளாளர் என்று வரிசையாகக் கைதானார்கள். வேறு பள்ளிகளிலும் இதேபோல் முகாம்கள் நடந்திருப்பது வெளிவந்தது. ஐ.ஜி. பவானீஸ்வரி தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றையும், சமூகநலத் துறைச் செயலாளர் ஜெயஸ்ரீ முரளிதரன் தலைமையில் இன்னொரு குழுவையும் அரசாங்கம் அமைத்தது. அவர்கள் வேலையைத் தொடங்கிய இரண்டொரு நாளில், ஆகஸ்டு 23-ஆம் தேதி, முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருந்த அந்த மனிதர் சேலம் அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கைதாவதற்கு முன்பே தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றிருந்தார் என்று அதிகாரிகள் சொன்னார்கள். முந்தின இரவுதான் அவருடைய தகப்பனாரும் ஒரு விபத்தில் இறந்திருந்தார். இந்தச் சாவுகளில் சந்தேகம் உண்டென்று பேசினவர்களும் இருந்தார்கள். உயர் நீதிமன்றத்திலும் கேள்வி எழுந்தது.

அன்று காலை ராயக்கோட்டை டீக்கடையில் தினசரியை விரித்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நல்லவர்கள், பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள். மூன்று நாளாக அவர்கள் முகத்தில் இருந்த கோபம் அன்றைக்கு இல்லை. ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "போச்சு, கணக்குத் தீர்ந்தது. கோர்ட்டுச் செலவும் மிச்சம்." மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அப்புறம் பேச்சு மழையின் பக்கம் திரும்பிவிட்டது.

யாருடைய கணக்கு தீர்ந்தது? இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஓர் அந்தரங்கம் தெரியும். கொடியவனைக் கடைசி அத்தியாயத்தில் சாகடித்துவிடுவதைப் போலச் சௌகரியமான முடிவு வேறில்லை. வாசகர் மனசு ஆறிவிடும். ஆசிரியருக்கும் பேனாவை மூடிவைக்கலாம். சினிமாவிலும் அப்படித்தான். ஆனால் "முற்றும்" என்று போட்ட பிறகு அந்தக் கதையின் குழந்தை மறுநாள் காலையில் எழுந்து, பல் தேய்த்து, சீருடை போட்டுக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்று எந்த நாவலும் சொல்வதில்லை. வாழ்க்கையில் "முற்றும்" என்ற வார்த்தை கிடையாது. அதை நாம் வெளியிலிருந்து எழுதி ஒட்டுகிறோம்.

என் அக்கா மகள் ஒருத்தி சமூகப்பணி படித்துவிட்டு, குழந்தைகளுக்கு நேரும் பாலியல் கொடுமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். அந்த வருஷம் தீபாவளிக்கு வந்திருந்தாள். டீக்கடைச் சமாசாரத்தை அவளிடம் சொன்னேன்.

"எல்லா ஊரிலும் அதைத்தான் சொல்றாங்க, மாமா," என்றாள். "குற்றம் சாட்டப்பட்ட ஆள் செத்துப்போனா வழக்கு என்ன ஆகும்னு யாராவது கேட்டாங்களா?"

"என்ன ஆகும்?"

"அவர் பேரில் இருக்கிற வழக்கு அதோடு நின்னுபோகும். மறைச்சவங்க, உடந்தையா இருந்தவங்க பேரில் நடக்கும். ஆனா, அந்த ஆள் செய்தாரா இல்லையான்னு எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத மாட்டார். குழந்தை சொன்னது நிஜம்னு அரசாங்கக் காகிதத்தில் ஒரு வரி வராது."

ஒரு வரிதானே என்று தோன்றலாம். அந்த ஒரு வரியின் கனம் என்ன என்பதை அவள் சொன்ன இன்னொரு சம்பவம் எனக்குப் புரியவைத்தது. ஊர் பேர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு உறவுமுறையான ஒருவர் மேல் ஒரு குழந்தை புகார் சொல்லியிருக்கிறது. போலீஸ் வருவதற்குள் அவர் தம் முடிவைத் தேடிக்கொண்டார். அதுவரை குழந்தைக்காகப் பேசிய சொந்தக்காரர்கள் துக்க வீட்டில் தொனியை மாற்றிக்கொண்டார்கள். செத்தவர் நல்லவராகிவிட்டார். "ஒரு வார்த்தையால் ஓர் உயிர் போச்சே," என்றார்கள். அந்த வார்த்தையைச் சொன்னது யார்? ஒன்பது வயதுக் குழந்தை. அந்தத் தாயார் என் மருமகளைக் கேட்டாராம்: "என் பொண்ணு சொல்லாமலே இருந்திருக்கணுமா, அம்மா?"

வாசகர்களே, ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே நேர்ந்த அநியாயத்தோடு ஒரு சாவின் பாரத்தையும் தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று நாம் டீ குடிக்கிறோம்.

இப்படிச் சாவது அபூர்வமாக எங்கேயோ நடக்கிற காரியமும் அல்ல. இங்கிலாந்தில் காலின் பிரிட்சார்டு என்ற சமூகப்பணிப் பேராசிரியரும் எலிசபெத் கிங் என்ற அம்மையாரும் ஒரு பிரதேசத்தில் ஆறு வருஷங்களில் நடந்த தற்கொலைகளை எடுத்து ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் மட்டுமல்ல, அந்தக் கொடுமையைச் செய்தவர்களிடமும் தற்கொலை மிக அதிகம் என்று கண்டார்கள். 2021-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கீத் ஹாட்டன் முதலானோர் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். இதில் யோசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அடிதடி, திருட்டு என்று சிறைக்குப் போய் வந்து பழகினவர்கள் அவ்வளவாக இந்த முடிவைத் தேடுவதில்லை. அதுவரை எந்த வழக்கிலும் சிக்காதவர், வேலை உள்ளவர், தெருவில் நாலு பேர் வணக்கம் சொல்கிற மனிதர்: அவர்தான் தேடுகிறார். காலமும் தெரிகிறது. போலீஸ் வாசலுக்கு வந்த நாள், கைதான நாள், பெயர் வெளியே வந்த நாள், கோர்ட்டுக்குப் போகவேண்டிய நாள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஆய்வாளர்கள் இருவர் 2013-இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அவரைக் கொல்வது பெரும்பாலும் குற்ற உணர்ச்சி அல்ல, மானம். நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். அதே மானம்தான் குழந்தையின் வாயையும் பூட்டியது. "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும்" என்று அதன் காதில் ஓதியதும் அதுதான். "பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும்" என்று கதவைச் சாத்துவதும் அதுதான். குற்றம் நடக்க நிழல் கொடுத்த மானமே, வெளிச்சம் வந்ததும் தீர்ப்பையும் களவாடிக்கொண்டு போகிறது.

நமக்குத் தெரிந்த மனிதர்கள் என்பதால்தான் இந்த மானம் இவ்வளவு பலமாக இருக்கிறது. 2007-இல் மத்திய அரசாங்கம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பினவர்கள். அதற்கு முன்பே சென்னையில் "துளிர்" என்ற அமைப்பு 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்தது. நூற்றுக்கு 42 பேர் ஏதோ ஒரு விதத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளில் 39 என்றால் ஆண் பிள்ளைகளில் 48. "எனக்குப் பையன்தான், கவலையில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இந்தக் கடைசி எண்ணை இன்னொரு தரம் படிக்க வேண்டும்.

சாவு நடந்தால் உண்மை பிழைக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2006 நவம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்காரர்கள், சிறுவர் சிறுமியரிடம் தப்பாக நடக்க முயல்கிறவர்களைப் பொறிவைத்துப் பிடிக்கும் காட்சியைப் படமெடுத்தார்கள். அதில் அகப்பட்டவர் ஓர் உதவி அரசாங்க வக்கீல். போலீசும் காமிராவும் சேர்ந்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றன. அவர் உள்ளேயே தம்மை மாய்த்துக்கொண்டார். அந்தப் பொறியில் பிடிபட்ட மற்ற இருபதுக்கும் மேற்பட்டவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? அந்த வழக்குகளை நடத்த முடியாது என்று அடுத்த வருஷம் மாவட்ட வக்கீல் கைவிட்டுவிட்டார். ஜனங்களுக்கு ஒரு காட்சி கிடைத்தது. நியாயம் ஒரு பைசாவுக்கும் கிடைக்கவில்லை.

நம்மிடத்திலும் வேறு விதமாக ஒன்று நடந்தது. 2021 நவம்பரில் கரூரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாலியல் தொல்லைக்கு ஆளானதாக எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டாள். யார் என்று பெயர் எழுதவில்லை. சில நாட்களில் அதே பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் தம்மைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டு, துறையூர்ப் பக்கம் உறவினர் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். அவர் பேரில் வழக்கு இல்லை. சந்தேகம் என்ற காற்று மட்டும் வீசியது. அந்தப் பெண்ணுக்கும் பதில் கிடைக்கவில்லை. அவருக்கும் தம் பக்கத்தைச் சொல்ல நாள் கிடைக்கவில்லை. விசாரணை என்கிற வழி ஒன்று இருப்பது இந்த இரண்டு பேருக்காகவும்தான். குற்றவாளியைக் குற்றவாளி என்று சொல்லவும் அதுதான் இடம். அல்லாதவரை அல்லாதவர் என்று சொல்லவும் அதுதான் இடம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "குழந்தையைக் கெடுத்தவனுக்கு இரக்கம் காட்டச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இரக்கம் இருக்கிறவர்கள் காட்டட்டும். நான் அதைக் கேட்கவில்லை. அந்த மனிதர் உயிரோடு கூண்டில் நிற்க வேண்டும் என்கிறேன். குழந்தை சொன்னதை ஓர் அதிகாரி எழுதி, ஒரு வக்கீல் எடுத்துச் சொல்லி, ஒரு நீதிபதி கேட்டு, "ஆம், இது நடந்தது, குற்றம் உன்னுடையது" என்று அந்த ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் ஒன்று: உயிரோடு இருக்கிறவனிடம்தான் வேறு எந்தப் பள்ளியில், யார் துணையோடு, யார் கண்ணை மூடிக்கொண்டதால் என்றெல்லாம் கேட்க முடியும். அவன் வாய் மூடினால், மூடிவைத்த மற்றவர்கள்தான் முதலில் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

சட்டம் இதற்கு வேண்டிய வழியைப் பெரும்பாலும் எழுதித்தான் வைத்திருக்கிறது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமலுக்கு வந்தது. அதன்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுகிற அதிகாரி யூனிபாரத்தில் இருக்கக் கூடாது. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம். ஸ்தாபனத் தலைவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. கோர்ட்டில் எதிரியின் முகத்தைக் குழந்தை பார்க்க நேராதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். வக்கீல் நேரே குழந்தையை மிரட்டிக் கேட்க முடியாது. நீதிபதி மூலமாகத்தான் கேட்க வேண்டும். கூடியவரை ஒரு வருஷத்துக்குள் வழக்கு முடிய வேண்டும். குழந்தையோடு ஆரம்பம் முதல் கடைசிவரை கூடவே வருவதற்கு ஒரு துணைநபர் உண்டு. இதை 2020-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வற்புறுத்தியிருக்கிறது. இழப்பீடும், தண்டனை கிடைத்தால்தான் என்பதில்லை, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால உதவி கேட்கலாம். எதிரி இறந்துவிட்டார் என்று எல்லாரும் கலைந்துபோகிற நாளில்தான் அந்தத் துணைநபர் முக்கியமாக வேண்டியிருக்கிறது. "நீ சொன்னதால் யாரும் சாகவில்லை, நீ சொன்னது சரி" என்று ஒருவர் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாள் அல்ல, பல நாள் சொல்ல வேண்டும்.

எதிரியின் பக்கமும் செய்யவேண்டியது உண்டு. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட விசாரணைகளில் ஆளைக் கைது செய்து அனுப்பும்போதே தற்கொலை அபாயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருக்கிறது. இங்கேயும் கைதான கணத்திலிருந்து ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். முதல் சில நாட்கள் தனியே விடக்கூடாது. முகத்தில் துணியைப் போட்டுத் தெருவில் நடத்திப் படமெடுக்கும் திருவிழாவை நிறுத்த வேண்டும். அவர் வீட்டில் ஒரு பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் செய்த பாவம் என்ன? அந்தப் பிள்ளைகளும் மறுநாள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

"இதையெல்லாம் யார் செய்வாங்க?" என்று என் மருமகளைக் கேட்டேன்.

"அதுக்குத்தான் மாமா எங்களை மாதிரி ஆளுங்க படிக்கிறோம். ஆனா ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேர் இருக்கோம்னு நீங்களே நினைச்சுப் பாருங்க," என்றாள். சற்றுப் பொறுத்து, "முதல்ல செய்யவேண்டியது நாங்க இல்லை. குழந்தை வந்து சொல்லும்போது கேட்கிற முதல் ஆள்தான்," என்றாள்.

அந்த முதல் ஆள் தாயாராக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், வகுப்பு ஆசிரியையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஓசூரிலும் சிப்காட்டிலும் அப்பாவும் அம்மாவும் ஷிப்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை பேசும் தெருக்களில் குழந்தைகள் அக்கம்பக்கத்தார் கண்ணில்தான் வளர்கின்றன. அந்தக் கண் விழித்திருக்க வேண்டும். குழந்தை ஒன்று சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?", "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காமல், "சொன்னது நல்லது" என்று முதலில் சொல்ல வேண்டும். அப்புறம் 1098 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். இந்தப் பேச்சிலேயே யாருக்காவது உயிரை விடும் நினைப்பு வந்தால், அவர் எந்தப் பக்கத்தவரானாலும், 14416 என்ற எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ கேட்பதற்கு ஆள் இருக்கிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய "சிநேகா" இந்தக் காரியத்துக்காகவே இருக்கிறது.

பழிவாங்குவதில் ஒரு சுகம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் பெரியவர்களுக்கு உரியது. குழந்தைக்கு வேண்டியது வேறு. தான் பொய் சொல்லவில்லை என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். தான் செய்தது தப்பில்லை என்று தன் வீடே நம்ப வேண்டும். தன்னால் யாரும் சாகவில்லை என்று தெரிய வேண்டும். பிறகு, பத்து வயதில் மற்றக் குழந்தைகள் மறப்பதைப் போல, அதுவும் மெதுவாக வேறு விஷயங்களை நினைக்கத் தொடங்க வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட ஒரு பிணம் கொடுக்க முடியாது. உயிரோடு இருக்கிற நாம்தான் கொடுக்க வேண்டும்.